நாற்றுப் பண்ணைக்குப் பூச்சி புகா வலை, ஒட்டும் அட்டை, உயிர்க் கட்டுப்பாட்டுப் பொருட்கள்: மூன்று ஆண்டுகள் பயன்படுத்திய பின் என் மதிப்பீடு

கிருஷ்ணகிரி மாவட்டம் இராயக்கோட்டைப் பக்கத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைக் குழித்தட்டில் வளர்த்து விற்கும் சிறிய பண்ணை என்னுடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன், என்னிடம் தக்காளி நாற்று வாங்கிச் சென்ற விவசாயி ஒருவர், நடவு செய்த பன்னிரண்டாம் நாள் நான்கு செடிகளை வேரோடு பிடுங்கி உரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். இலைகள் கிண்ணம்போல மேல்நோக்கிச் சுருண்டிருந்தன, ஓரங்கள் மஞ்சளித்திருந்தன, கணுக்களுக்கு இடையே தண்டு நீளாமல் நுனி குவிந்து நின்றது. "அண்ணே, வரிசைக்கு நாலஞ்சு செடி இப்படித்தான் நிக்குது" என்று மட்டும் சொன்னார். அந்த நாற்றுகள் என் பண்ணையிலிருந்து வண்டி ஏறியபோது பச்சைப்பசேலென்று இருந்தவை. ஆனால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி செடிக்குள் ஏறிய பின், அறிகுறி வெளியே தெரிய இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். அதே தட்டுகளிலிருந்து நாற்று வாங்கிய இன்னொரு தோட்டத்திலும் அதே வாரத்தில் அதே சுருட்டல் தெரிந்ததால், நோய் ஏறிய இடம் நாற்று வளர்க்கும் என் குடில்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவருக்கு மாற்று நாற்று கொடுத்தேன். ஆனால் அவர் இழந்த பருவத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து நாற்றுப் பண்ணைக்கென்று சந்தையில் கிடைக்கும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைப் பொருட்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். எது காசுக்குத் தகுந்தது, எது எந்த நிபந்தனையில் மட்டும் வேலை செய்கிறது என்பதை, என்னைப்போல நாற்று விற்றுப் பிழைக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

பொருட்களுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த கட்டுப்பாடு என்ற முறையை 1959-இல் கலிஃபோர்னியாவின் பூச்சியியல் அறிஞர்கள் வகுத்தபோது, அதன் நடுவில் வைத்தது பொருளாதாரச் சேத நிலை என்ற கணக்கை: பூச்சியால் வரும் இழப்பு, அதைக் கட்டுப்படுத்தும் செலவைத் தாண்டப்போகும்போதுதான் மருந்தைத் தொட வேண்டும், அதற்குக் கீழே பூச்சி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வயலில் இது மிகச் சரியான கணக்கு. நாற்றுப் பண்ணையிலோ, நச்சுயிரி பரப்பும் பூச்சிகளைப் பொறுத்தவரை, இதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். ஏனென்றால் இருபத்தைந்து நாளில் தக்காளி நாற்று நம் கையைவிட்டுப் போய்விடுகிறது, சேதம் நடப்பது வாங்கியவர் தோட்டத்தில். நச்சுயிரி சுமந்த ஒரு வெள்ளை ஈ அரைமணி நேரம் அமர்ந்து சாறு உறிஞ்சினாலே செடிக்குத் தொற்று ஏறிவிடும். அந்த ஈ சாகும்வரை பரப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே குடிலுக்குள் நான் பொறுத்துக்கொள்ளும் வெள்ளை ஈயின் எண்ணிக்கை பூச்சியம். இந்த அளவுகோலை வைத்துத்தான் கீழே உள்ள ஒவ்வொன்றையும் மதிப்பிடுகிறேன்.

முதலில் வலை. நம் பகுதியில் பல பண்ணைகள் இன்னும் பச்சை நிழல்வலையை மட்டும் கட்டிக்கொண்டு அதையே பாதுகாப்பு என்று நம்புகின்றன; நிழல்வலை வெயிலைத் தடுக்குமேயன்றி வெள்ளை ஈ போன்ற சிறு பூச்சிகளைத் தடுக்காது. பூச்சி புகா வலையில் 40 மெஷ், 50 மெஷ் என்று இரண்டு வகை எளிதாகக் கிடைக்கும். மெஷ் என்பது ஓர் அங்குலத்தில் உள்ள கண்களின் எண்ணிக்கை. வெள்ளை ஈயின் உடல் அகலம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். 40 மெஷ் வலையில் அது நெளிந்து நுழைந்துவிடும், 50 மெஷ் வலையில் பெரும்பாலும் நுழையாது. நான் முதலில் விலை குறைவு என்று 40 மெஷ் வாங்கினேன். அதிலும் ஒரு குளறுபடி. கடையில் 40 என்று சொல்லி விற்ற சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அளவுகோலை வலைமேல் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியால் நூல்களை எண்ணிப் பார்த்தபோது, ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டு கண்கள்தான் இருந்தன. கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் வலை வாங்கப் போகிறவர்கள் அளவுகோலையும் கைக்கண்ணாடியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், சுருளை விரித்து, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் எண்ணிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு உள்ளதா என்பதையும் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் நம் வெயிலில் நூல் நொறுங்கிவிடும்.

50 மெஷ் வலைக்கு மாறிய பின் கிடைத்த பலன் மற்ற எல்லாப் பொருட்களின் பலனையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கண் சிறியதானால் காற்றும் குறையும். சித்திரை, வைகாசியில் நண்பகல் வேளையில் குடிலுக்குள் நிற்க முடியாத புழுக்கம், நாற்றுகள் நெடுநெடுவென்று மெலிந்து வளர்ந்தன. கூரையை ஏழு அடியிலிருந்து பன்னிரண்டு அடிக்கு உயர்த்திய பிறகுதான் அது சீரானது. ஏற்கெனவே தாழ்ந்த குடில் வைத்திருப்பவர்கள் வலையை மட்டும் மாற்றினால் பூச்சிக்குப் பதில் நாற்றழுகலை விலைக்கு வாங்கியதாக முடியும். குடிலை உயர்த்தும் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். இன்னொன்று, இலைப்பேனின் உடல் வெள்ளை ஈயைவிடவும் மெல்லியது. 50 மெஷ் அதை முழுமையாகத் தடுக்காது. மிளகாய் நாற்று போடுகிறவர்கள், வலை கட்டியாயிற்று என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2021-இல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாயைச் சூறையாடிய பார்விஸ்பைனஸ் என்ற இலைப்பேன் இனத்தை நினைத்தாலே இது புரியும்.

வலையைப் போலவே வாசலும் முக்கியம் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஒரே கதவு வைத்த குடிலில், தட்டு ஏற்றும் நாளில் கதவு அரைமணி நேரம் திறந்தே கிடக்கும். இப்போது இரண்டு கதவுகள், இடையே ஐந்தடிக்குச் சிறு அறை, ஒன்று மூடிய பிறகே மற்றொன்று திறக்கும் ஏற்பாடு. இதற்குத் தனிப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. உள்ளூர் வெல்டரே செய்து கொடுத்தார். வேலைக்கு வரும் அக்காமார்களிடம் மஞ்சள் புடவையோ மஞ்சள் துண்டோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் வெள்ளை ஈயும் அசுவினியும் மஞ்சளை நாடி வந்து துணியில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். குடிலைச் சுற்றிப் பத்தடிக்குத் துத்தி, பார்த்தீனியம் உள்பட எந்தக் களையும் இருக்கக் கூடாது. அதற்கு அப்பால் இரண்டு வரிசை மக்காச்சோளம் தடுப்பாக நிற்கிறது.

அடுத்தது ஒட்டும் அட்டை. இதை வாங்கும் பலரும் இது பூச்சியைப் பிடித்துக் கொல்லும் பொறி என்று எண்ணி வாங்குகிறார்கள். அந்த எண்ணத்தோடு வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். எனக்கு இது ஒரு கணக்குப் புத்தகம். ஆயிரம் சதுர அடிக்கு ஒன்று என்ற அளவில் மஞ்சள் அட்டையும், மிளகாய் வரிசைகளில் இலைப்பேனுக்காக நீல அட்டையும், கதவருகே கூடுதலாக ஒன்றும், நாற்றின் நுனிக்கு ஒரு சாண் மேலே இருக்கும்படி மூங்கில் குச்சியில் துணிக் கிளிப்பால் மாட்டியிருக்கிறேன். நாற்று வளர வளர அட்டையையும் உயர்த்த வேண்டும். தலைக்கு மேலே உத்தரத்தில் தொங்கும் அட்டையால் யாருக்கும் பயனில்லை. ஒவ்வொரு அட்டைக்கும் எண் உண்டு. திங்களும் வியாழனும் காலையில் கைக்கண்ணாடியோடு போய் எண்ணி, நோட்டில் குறிக்கிறேன்.

சென்ற ஆண்டு மாசியில் ஆறாம் எண் அட்டையில் மட்டும் இரண்டு வெள்ளை ஈக்கள் ஒட்டியிருந்தன. மற்ற அட்டைகள் எல்லாம் சுத்தம். பழைய நானாக இருந்தால் அன்று மாலையே குடில் முழுவதும் மருந்து அடித்திருப்பேன். அட்டை இருந்த இடத்தைச் சுற்றித் தேடியபோது, வலை தரையில் புதைந்திருக்க வேண்டிய இடத்தில் எலி வளை தோண்டி, ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அதை மண் போட்டு மூடி, பக்கத்திலிருந்த மூன்று தட்டுகளை எடுத்து அழித்தேன். அதன் பின் அந்த வரிசையில் மூன்று வாரம் ஈ விழவில்லை. ஒரு தேநீர் விலைக்குக் கிடைக்கும் அட்டை இந்த வேலையைச் செய்கிறது என்றால், இதைவிட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. குறை என்று சொன்னால், மலிவான அட்டைகளில் பசை ஓரமாக வழிந்து, கோடையில் தூசி படிந்து பத்து நாளில் ஒட்டும் தன்மையை இழந்துவிடுகிறது. விரலால் தொட்டு எடுத்தால் நூல் நூலாக இழுபடும் பசை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கட்டம் அச்சிட்ட அட்டை கிடைத்தால் எண்ணுவது எளிது. நன்மை செய்யும் ஒட்டுண்ணிக் குளவிகளும் மஞ்சள் அட்டையில் விழும் என்பதால், தேவைக்கு மேல் தோரணம்போலக் கட்டித் தொங்கவிட வேண்டாம்.

உயிர்க் கட்டுப்பாட்டுப் பொருட்களில், வேர்ப் பகுதிக்கானவை எனக்கு முழு நிறைவு தந்திருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, 300 கிலோ தென்னை நார்க்கழிவுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கும், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள் தலா ஒரு கிலோவும் கலந்து வைக்கிறேன். கூடவே, நோய்க் கிருமிகளை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையையும் சேர்க்கிறேன். பித்தியம் என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரியால் வரும் நாற்றழுகல், முன்பு ஐப்பசி மழையில் தட்டுத் தட்டாக நாற்றைச் சாய்த்தது. இப்போது எப்போதாவது ஒரு மூலையில் தென்படுவதோடு சரி. இந்த மாற்றத்தில் பாதிப் பங்கை நீர் மேலாண்மைக்குத்தான் கொடுக்க வேண்டும். மாலை நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, தொட்டிக்கு மூடி போட்டு, பழைய தட்டுகளைக் குளோரின் கரைசலில் கழுவி உலர்த்திய பிறகே மீண்டும் நிரப்புகிறோம்.

விதை நேர்த்தியில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா 10 கிராம் என்பது நல்ல பரிந்துரைதான். ஆனால் நாம் வாங்கும் பத்து கிராம் வீரிய ஒட்டு விதைப் பொட்டலங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே பூஞ்சைக்கொல்லி பூசி, சிவப்போ நீலமோ சாயம் ஏற்றியவை. அதன்மேல் டிரைக்கோடெர்மாவைப் பூசினால், பூஞ்சையைக் கொல்லும் மருந்தின்மேல் ஒரு நல்ல பூஞ்சையைக் கொண்டுபோய் வைத்ததாகும். சாயம் பூசிய விதைக்கு இந்தச் செலவு வீண். தட்டில் நிரப்பும் நார்க்கழிவில் கலப்பதே போதும். இதே காரணத்தால் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி ஊற்றிய தட்டில் டிரைக்கோடெர்மாவும், தாமிர மருந்து தெளித்த நாற்றில் சூடோமோனாசும் பயன் தராது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இவற்றையெல்லாம் ஒரே பில்லில் போட்டுக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

இலைமேல் தெளிக்கும் பெவேரியா, லெகானிசிலியம் போன்ற பூஞ்சைகளைப் பற்றி எனக்குக் கலவையான கருத்துதான். இவற்றின் வித்து முளைத்துப் பூச்சியின் தோலைத் துளைக்கக் காற்றில் நல்ல ஈரம் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் மாலை வேளையில் தெளித்தபோது அசுவினிகளின் மேல் வெண்மையாகப் பூஞ்சை படர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். பங்குனி வெயிலில் அதே பொருளை அதே அளவில் தெளித்தபோது வெறும் தண்ணீர் தெளித்ததுபோல இருந்தது. பொருளைவிட அதை வைத்திருந்த விதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இவை உயிருள்ளவை. தகரக் கூரைக்கு அடியில், வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் உயிர் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? தயாரித்த தேதி, காலாவதித் தேதி, ஒரு கிராமுக்கான உயிரணு எண்ணிக்கை, மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் ஆகிய நான்கும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 'இயற்கை ஊக்கி' என்ற பெயரில் பதிவு எண் இல்லாமல் வரும் வண்ணப் புட்டிகளை நான் வாங்குவதை விட்டுவிட்டேன். அப்படி ஒன்றைத் தெளித்து மிளகாய் நாற்றின் குருத்துகள் கருகிய பிறகு எடுத்த முடிவு அது.

வேப்பெண்ணெயை நான் இன்னும் கைவிடவில்லை. வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதமும் நல்ல பொருள்தான், ஆனால் தினமும் ஆயிரக்கணக்கில் நாற்று அனுப்பும் இடத்தில் கொட்டையை இடித்து ஊறவைக்க ஆள் கிடைப்பதில்லை. எண்ணெயாக வாங்கினால், வயலுக்குச் சொல்லும் 3 சதவீதம் பிஞ்சு நாற்றுக்கு மிகக் கடுமை. இலை ஓரம் தீய்ந்துவிடும். நான் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலந்து, முதலில் ஒரே ஒரு தட்டில் தெளித்து இரண்டு நாள் பார்த்த பிறகே மற்றவற்றில் தெளிக்கிறேன்.

இரசாயன மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருங்கிணைந்த முறையும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் மருந்துக்கடையில் நடப்பது வேறு. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லிக்கு வெள்ளை ஈ அடங்கவில்லை என்றால் தயாமீதாக்சாம் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத் தாக்கும் ஒரே குழு மருந்துகள். புட்டியின் பெயர் மாறுகிறதே தவிர, எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொண்ட வெள்ளை ஈக்கு ஒரு மாற்றமும் இல்லை. எந்தக் குழு மருந்து, எப்போது தெளித்தேன் என்பதையும் அட்டைக் கணக்கு எழுதும் அதே நோட்டில் எழுதுகிறேன். நாற்று வாங்குகிறவர் கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறேன், ஏனென்றால் அவர் தன் தோட்டத்தில் அடுத்து எந்தக் குழுவைத் தொட வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. ஒவ்வொரு நாற்றுப் பண்ணையும் இதைச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வாரம் ஒருமுறை வந்து பூச்சி கணக்கெடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு தனியார் ஆலோசனைச் சேவையையும் ஆறு மாதம் பயன்படுத்திப் பார்த்தேன். வந்த இளைஞர் நன்றாகப் படித்தவர், இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை எங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். ஆனால் ஒவ்வொரு அறிக்கையின் முடிவிலும் அந்த நிறுவனமே விற்கும் ஒரு பொருளின் பெயர் இருந்தது. கணக்கெடுப்பவரும் மருந்து விற்பவரும் ஒருவராக இருக்கும் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். நோய் தாக்கிய செடியை மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. எதையும் நம் தலையில் கட்டாமல் பதில் சொல்கிறார்கள்.

அலங்காரச் செடி, பழக்கன்று, தென்னங்கன்று விற்கும் பண்ணைகளுக்கு என் அனுபவம் அப்படியே பொருந்தாது. அவை திறந்தவெளியில் நிற்பவை, மாதக்கணக்கில் தங்குபவை. அங்கே வலையைவிட நன்மை செய்யும் பூச்சிகளுக்கு வேலை அதிகம். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. செம்பருத்தி, குரோட்டன் வரிசைகளில் விட்டுப் பார்த்த நண்பர் ஒருவர் மிகவும் திருப்தியாக இருக்கிறார். என் குடிலிலோ நாற்று இருபத்தைந்து நாளில் போய்விடுவதால், வண்டு முட்டையிட்டுப் பெருக நேரம் கிடைப்பதில்லை; நான் கொடுத்த பணம் வீணானது.

ஆனால் அந்தப் பண்ணைகளின் பொறுப்பு என்னுடையதைவிடப் பெரியது. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி அழித்ததையும், 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் என்ற சிறு குளவியைத் தருவித்து விட்ட பிறகே அது அடங்கியதையும் அறுபது எழுபது சென்ட் வைத்திருந்தவர்கள்கூட மறந்திருக்க மாட்டார்கள். 2016-இல் பொள்ளாச்சியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னை மாவட்டங்கள் முழுவதும் பரவியதில் பூச்சி தாக்கிய கன்றுகளை இடம் மாற்றியதற்கும் பங்கு உண்டு. வெளியூரிலிருந்து வரும் கன்றுகளை இரண்டு வாரம் தனியே ஒதுக்கிவைத்து, இலை அடியைப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பதற்கு ஒரு மூலையும் ஒரு கைக்கண்ணாடியும் போதும்.

புதிதாகப் பண்ணை தொடங்குகிறவர் கையில் குறைந்த பணம்தான் இருக்கிறது என்றால், என் வரிசை இதுதான்: முதலில் எண்ணிப் பார்த்து வாங்கிய 50 மெஷ் வலை, உயரமான கூரை, இரட்டைக் கதவு, அதே நாளில் இருபது மஞ்சள் அட்டைகள், ஒரு கைக்கண்ணாடி, ஒரு நோட்டு, பிறகு டிரைக்கோடெர்மாவும் வேப்பம் பிண்ணாக்கும். தெளிக்கும் பொருள் எதையும் முதல் மாதத்தில் வாங்க வேண்டாம். அட்டையில் என்ன விழுகிறது என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். சாக்கில் செடி சுற்றி வந்த அந்த விவசாயி, சென்ற தையில் மீண்டும் என்னிடம் நாற்று எடுக்க வந்தார். தட்டை ஏற்றுமுன் குடிலுக்குள் போய் அட்டைகளைப் பார்க்கலாமா என்று கேட்டார். இரண்டு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து அழைத்துப் போனேன். கைக்கண்ணாடியை வாங்கி, ஆறாம் எண் அட்டையில் தொடங்கி எல்லாவற்றையும் தானே பார்த்துவிட்டு வந்தார்.